ஃப்ளூ ஊசி யாருக்கு துட்டில்லாம கிடைக்கும், எங்கன போய் எப்படி கேக்கணும்

ஒவ்வொரு வருசமும் புரட்டாசி பொறந்துட்டா எங்க தெருவுல நாலு பேராவது எங்கிட்ட வந்து கேக்குத கேள்வி இது. அந்த பன்னிக்காய்ச்ச ஊசிய கவர்மெண்டு ஆஸ்பத்திரில சும்மா போடுதாங்களாமே, எங்க அம்மைக்கு போடுவாங்களா, யார்ட்ட போய் கேக்கணும்னு. எங்க ஆச்சிக்கு சுகரும் இருக்கு எளப்பும் இருக்கு, அவுகளுக்காக மூணு வருசமா பி.எச்.சி (ஆரம்ப சுகாதார நிலையம்), ஜி.எச் (கவர்மெண்டு பெரிய ஆஸ்பத்திரி), மருந்துக்கடைன்னு அலைஞ்சு ஒவ்வொண்ணா தெரிஞ்சுகிட்டது தான் இது எல்லாம். அதே அலைச்சல் மத்த வீட்டு பெரியாளுங்களுக்கு வேண்டாம்னு ஒரே இடத்துல எழுதி வைக்கேன், நம்ம திருநெல்வேலி, தென்காசி பக்கத்து ஆளுங்கள மனசுல வச்சு எழுதுதேன்.

முதல்ல ஒண்ணு தெளிவா தெரிஞ்சுக்கணும். பிள்ளைகளுக்கு புதன்கிழமை பி.எச்.சில போடுதாங்கல்லா, பி.சி.ஜி, போலியோ, பென்டா, ரோட்டா, நிமோனியாவுக்கு உள்ள பி.சி.வி, தட்டம்மை ரூபெல்லா, அந்த தேசிய தடுப்பூசி அட்டவணைல சீசன் ஃப்ளூ ஊசி கிடையாது. அதனால தான் "எல்லா ஊசியும் போட்டாச்சு"ன்னு சொல்லுத வீட்டுலயும் ஃப்ளூ ஊசி போட்டிருக்க மாட்டாங்க. இதுல நெறைய பேர் கொழம்புற இடம் ஒண்ணு இருக்கு. பென்டா ஊசில ஹிப்னு ஒரு கிருமிக்கும் மருந்து இருக்கு, அதோட முழுப் பேரு ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா பி. அட்டைல இன்ஃப்ளுயன்சான்னு பாத்த உடனே ஃப்ளூ ஊசி போட்டாச்சுன்னு நெனச்சுக்குவாங்க, ஆனா அது பாக்டீரியா, பிள்ளைகளுக்கு மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் கொண்டு வாரது, ஃப்ளூ வைரஸுக்கும் அதுக்கும் பேரத் தவிர ஒரு சம்பந்தமும் கிடையாது. எங்க மைனியே ரெண்டு வருசம் அப்படித்தான் நெனச்சுகிட்டு இருந்தா.

இன்னொண்ணு, பன்னிக்காய்ச்ச ஊசின்னு தனியா ஒண்ணு இப்ப இல்ல. 2009-ல ஊரெல்லாம் பயந்தோமே அந்த எச்1என்1, அது இப்ப வருசா வருசம் வார ஃப்ளூல ஒண்ணா ஆயிட்டு, ஒவ்வொரு வருசத்து ஃப்ளூ ஊசிலயும் அதுக்கும் சேத்து தான் மருந்து இருக்கும். அதனால ஆஸ்பத்திரில போய் கேக்கும்போது "ஃப்ளூ தடுப்பூசி", இல்லன்னா "இன்ஃப்ளுயன்சா ஊசி"ன்னு கேளுங்க. பன்னிக்காய்ச்ச ஊசின்னு கேட்டா சில இடத்துல "அந்த நோயெல்லாம் இங்க இல்லம்மா"ன்னு ஒரே வார்த்தைல அனுப்பிருவாங்க, எங்க ஆச்சிய அப்படி ஒருக்க அனுப்பினாங்க.

அப்ப யாருக்குத் தான் போடணும்னு இருக்கு? மத்திய சுகாதாரத் துறை வழிகாட்டுதல்ல ஆஸ்பத்திரில வேல பாக்குதவங்கள முன்னால வச்சிருக்காங்க. கர்ப்பிணிகள், எத்தன மாசமானாலும் சரி. நாள்பட்ட நோய் உள்ளவங்க, அதாவது சுகர், ஆஸ்துமா, சி.ஓ.பி.டி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்), இருதய நோய், கிட்னி, கல்லீரல், ரத்த நோய், கேன்சர், நோய் எதிர்ப்பு சக்தி கொறஞ்சவங்க. அப்புறம் 65 வயசு தாண்டினவங்க, ஆறு மாசத்துலேருந்து எட்டு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகள், இவங்களுக்கும் போடுறது நல்லதுன்னு இருக்கு. ஆனா இங்க தான் கவனமா இருக்கணும், "போடணும்"னு சொல்லுறது வேற, "ஃப்ரீயா போடுவோம்"னு சொல்லுறது வேற. மருந்து வாங்கி குடுக்குத பொறுப்பு பெரும்பாலும் மாநிலத்து மேல நிக்கு. மகாராஷ்டிரால 2015-லேருந்து கர்ப்பிணிகளுக்கும், சுகர், பிரஷர் உள்ளவங்களுக்கும் அரசாங்கமே ஃப்ரீயா போட ஆரம்பிச்சாங்க. நம்ம பக்கம் வயசானவங்க எல்லாருக்கும்னு போர்டு போட்டு கூப்பிட்டு போடுறது கிடையாது, ஸ்டாக் வரும், வந்தத யாருக்கு தேவையோ அவங்களுக்கு போடுவாங்க, தீந்துரும். கேட்டவங்களுக்கு கிடைக்கும், கேக்காதவங்களுக்கு வந்ததே தெரியாது. நான் இத எழுதுததே அதனால தான்.

ஆஸ்பத்திரில வேல பாக்குதவங்கள பத்தி சுருக்கமா சொல்லிடுதேன். டாக்டர், நர்ஸ் மட்டும்னு நெனக்காதீங்க, லேப்ல உள்ளவங்க, வார்டு தூய்மைப் பணியாளர், 108-ல ஓடுதவங்க, ஹைகிரவுண்டுல, அதாவது திருநெல்வேலி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில, பயிற்சிக்கு நிக்குத நர்சிங் பிள்ளைகள், எல்லாரும் நோயாளி பக்கத்துல நிக்குதவங்க தான். கான்ட்ராக்டுல இருந்தா நமக்கு கிடையாதோன்னு ஒதுங்கி நிக்காதீங்க, உங்க சூப்பர்வைசர் கிட்டயும் நர்சிங் சூப்பிரண்டு ஆபீஸ்லயும் எழுத்துல பேர் குடுங்க. துப்புரவு பாக்குத அக்காக்கள் தான் எல்லா வார்டுக்கும் போறாவ, அவுகளுக்கு தான் முதல்ல போடணும்ங்கது எனக்குள்ள அபிப்பிராயம்.

கர்ப்பிணிகள் விஷயம் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இதுல தான் நல்லது ரெண்டு மடங்கு. ஆறு மாசத்துக்கு உள்ள பிள்ளைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது, அந்த வயசுல தான் ஃப்ளூ வந்தா பிள்ளை ரொம்ப கஷ்டப்படும். தாய்க்கு வயித்துல இருக்கும்போதே போட்டுட்டா அந்த பாதுகாப்பு பிள்ளைக்கும் போய் சேரும், பொறந்த முதல் சில மாசத்துக்கு அது தான் கவசம். கர்ப்பிணிக்கே கூட ஃப்ளூ வந்தா நெஞ்சுல சளி கட்டி மூச்சுத் திணறல் வரைக்கும் போறதுக்கு வாய்ப்பு கூட. ஆனா நம்ம பிள்ளைக என்ன நெனக்குதாங்கன்னா கர்ப்ப காலத்துல போடுத டி.டி ஊசியே எல்லாத்துக்கும் சேத்துன்னு. அது ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் உள்ளது, ஃப்ளூவுக்கு இல்ல. அதனால பி.எச்.சில பேர் பதிஞ்சு ஆர்.சி.எச் நம்பர் (கர்ப்பிணி பதிவு எண்) வாங்கியிருப்பீங்கல்லா, அடுத்த செக்கப்புக்கு போகும்போது அந்த அட்டைய கைல வச்சுகிட்டு உங்க வி.எச்.என் (கிராம சுகாதார நர்ஸ்) அக்கா கிட்ட நேரடியா கேளுங்க, "அக்கா, ஃப்ளூ ஊசி ஸ்டாக் வந்திருக்கா, எனக்கு எப்ப போடுவீங்க"ன்னு. இல்லன்னு சொன்னா "வந்தா எனக்கு சொல்லுங்க"ன்னு போன் நம்பர எழுதிக் குடுத்துட்டு வாங்க. பிரசவத்துக்கு தனியார் ஆஸ்பத்திரில பாக்குதவங்களும் ஊர் வி.எச்.என் கிட்ட பதிஞ்சிருப்பீங்க, அந்த தொடர்ப விட்றாதீங்க. மாமியாரோ அம்மையோ "மாசமா இருக்கும்போது தேவையில்லாத ஊசி எதுக்கு"ன்னு தடுத்தா அவுகளையும் கூட்டிட்டு போங்க, டாக்டர் வாயால கேட்டா அவுக மனசு மாறும், எங்க வீட்டுல அப்படித்தான் நடந்துச்சு.

மேலப்பாளையம், பேட்டை, கடையநல்லூர், ஏர்வாடி பக்கத்துலேருந்து ஹஜ்ஜுக்கு போறவங்களுக்கு ஒரு தனி வழி உண்டு. ஹஜ் கமிட்டி மூலமா போற பயணிகளுக்கு புறப்படுததுக்கு முன்னாடி தடுப்பூசி முகாம் நடக்கும், அதுல மூளையுறைக் காய்ச்சல் ஊசி, போலியோ சொட்டு மருந்து, கூடவே 65 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு சீசன் ஃப்ளூ ஊசியும் அரசாங்கமே குடுக்கும். மூளையுறைக் காய்ச்சல் ஊசி சவூதில போய் இறங்கறதுக்கு பத்து நாளாவது முன்னாடி போட்டிருக்கணும், அதனால முகாம் தேதிய தவற விட்றக்கூடாது. பாஸ்போர்ட் நகல், பயணச் சீட்டு விவரம், மருத்துவச் சான்று, சாப்பிடுத மாத்திரைச் சீட்டு எல்லாத்தையும் கைல வச்சுக்கிடுங்க. 65 ஆகல, ஆனா சுகரோ இருதய நோயோ இருக்குன்னா வரிசைல பேசாம நின்னுட்டு வந்துறாதீங்க, டாக்டர் கிட்ட சீட்ட காட்டி "எனக்கும் ஃப்ளூ ஊசி வேணுமா"ன்னு கேளுங்க. உம்ராவுக்கு டிராவல்ஸ் மூலமா போறவங்க இந்த முகாம நம்பி இருக்க வேண்டாம், சொந்தமா துட்டு குடுத்து போட்டுக்கிட வேண்டியிருக்கும், கெளம்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே போட்டிருங்க. லட்சக்கணக்கான பேர் ஒரே இடத்துல நிக்குத எடம், வயசான அத்தா அம்மாவ அனுப்பும்போது இந்த ஒரு ஊசிய மறக்காதீங்க.

ஈ.எஸ்.ஐ கார்டு உள்ளவங்க, மில்லு, கம்பெனி, ஜவுளிக்கடை, ஹோட்டல்னு பி.எஃப் ஈ.எஸ்.ஐ பிடிச்சு வேல பாக்குதவங்க, உங்க டிஸ்பென்சரி டாக்டர் கிட்டயோ வண்ணார்பேட்டை ஈ.எஸ்.ஐ ஆஸ்பத்திரிலயோ கேட்டுப் பாருங்க. கார்டுல சேத்த, உங்க சம்பாத்தியத்த நம்பி இருக்குத அப்பா அம்மையும் அதுல அடக்கம், அது பாதி பேருக்கு தெரியவே தெரியாது. டாக்டர் எழுதி, அங்க மருந்தும் இருந்துட்டா உங்ககிட்ட துட்டு கேக்க மாட்டாங்க.

இப்ப பெரிய கூட்டத்துக்கு வாரேன், சுகர், எளப்பு, இருதயம், கிட்னி உள்ளவங்க. நம்ம பக்கத்துல இதுல ஒரு தனி கூட்டம் இருக்கு, பீடி சுத்துத அக்காக்களும் ஆச்சிகளும். முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், மேலப்பாளையம், கடையம்னு எந்த ஊர்லயும் திண்ணைக்கு திண்ணை முறத்த மடில வச்சுகிட்டு இருப்பாங்க. முப்பது நாப்பது வருசம் புகையிலைத் தூசிய சுவாசிச்ச நெஞ்சு அது. "எனக்கு எளப்பெல்லாம் இல்ல, மழைக்காலம் வந்தா மட்டும் இருமல் விடாது"ன்னு சொல்லுவாங்க, அந்த "மட்டும்" தான் நோயே. இதுல என்ன சிக்கல்னா நோய் இருக்குன்னு எழுத்துல ஒரு துண்டு சீட்டு கூட அவுககிட்ட இருக்காது. ஆஸ்பத்திரில கேக்கும்போது எழுத்து தான் பேசும். அதனால முதல் வேலை, ஒருநாள் பீடி சுத்தாம, ஹைகிரவுண்டு நெஞ்சக நோய் பிரிவுலயோ பக்கத்து ஜி.எச்லயோ, பீடித் தொழிலாளர் அட்டை இருந்தா முக்கூடல்ல உள்ள பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரிலயோ காட்டி, ஆஸ்துமாவோ சி.ஓ.பி.டியோ இருக்குன்னா டாக்டர் கையால எழுதி வாங்கிருங்க. அந்த ஒரு சீட்டு ஊசிக்கு மட்டும் இல்ல, பின்னாடி எல்லாத்துக்கும் உதவும்.

சுகர், பிரஷர் உள்ளவங்களுக்கு அந்த வேலை ஏற்கெனவே பாதி முடிஞ்சாச்சு. 2021 ஆகஸ்டுலேருந்து மக்களைத் தேடி மருத்துவம் நடக்குல்லா, வீட்டுக்கே வந்து மாத்திரை குடுத்துட்டு நோட்டுல எழுதிட்டுப் போறாங்கல்லா, அந்த நோட்டு தான் உங்களுக்கு ஆதாரம். அத எடுத்துகிட்டு போங்க. மாத்திரை கொண்டு வார அக்கா கிட்டயே "டாக்டர் கிட்ட கேட்டு சொல்லுங்க"ன்னு ஒரு வார்த்தை போட்டு வைங்க, அவுக வாரா வாரம் பி.எச்.சிக்கு போறவங்க, நம்மள விட வெரசா விஷயம் தெரியும்.

எங்கன கேக்கணும், எப்படி கேக்கணும்ங்கது தான் இந்த அலைச்சல்ல நான் படிச்ச பெரிய பாடம். முத வருசம் ஓ.பி சீட்டு போடுத ஜன்னல்ல கேட்டேன், "அப்படி ஒரு ஊசி இல்ல"ன்னு சொன்னாங்க, திரும்பி வந்துட்டேன். சீட்டு போடுதவங்களுக்கு குளிர்பெட்டில என்ன இருக்குன்னு தெரியாது, அவுக மேல தப்பு சொல்ல முடியாது, நான் கேட்ட ஆளு தான் தப்பு. சீட்டு போட்டுட்டு டாக்டர் கிட்ட போங்க, ஆச்சிய கூடவே கூட்டிட்டுப் போங்க, "இவுகளுக்கு 72 வயசு, சுகர் இருக்கு, மழைக்காலத்துல எளப்பு வரும், ஃப்ளூ ஊசி இவுகளுக்கு போடலாமா, இங்க ஸ்டாக் இருக்கா, இல்லன்னா எங்க அனுப்புவீங்க"ன்னு மூணு கேள்வியையும் ஒண்ணா கேளுங்க. "போடலாமா"ன்னு மட்டும் கேட்டா "போடலாம், வெளிய வாங்கிக்கோங்க"ன்னு முடிஞ்சிரும். டாக்டர் சீட்டுல எழுதிக் குடுத்துட்டா அந்த சீட்டோட தடுப்பூசி போடுத அறைக்கு போய் அங்க உள்ள நர்ஸ் கிட்ட காட்டுங்க. பி.எச்.சில புதன்கிழமை பிள்ளைக கூட்டமா இருக்கும், ஊசி அறை தொறந்து எல்லாரும் இருக்குத நாளும் அது தான், பதினோரு மணிக்கு மேல கூட்டம் கொஞ்சம் கொறஞ்ச பெறவு போனா நின்னு பதில் சொல்லுவாங்க.

பி.எச்.சில இல்லன்னா அதோட நிக்காதீங்க. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, வள்ளியூர் பக்கத்து ஆளுங்க தாலுகா ஜி.எச்ல கேக்கலாம், தென்காசி பக்கம் உள்ளவங்களுக்கு 2019-ல தனி மாவட்டம் ஆன பெறவு தென்காசி ஆஸ்பத்திரி தான் தலைமை ஆஸ்பத்திரி, டவுண், பாளை, தச்சநல்லூர் ஆளுங்களுக்கு மாநகராட்சி நகர்ப்புற சுகாதார நிலையம் உண்டு, கடைசில எல்லாருக்கும் ஹைகிரவுண்டு. பஸ் ஏறுததுக்கு முன்னாடி 104-க்கு ஒரு போன் போடுங்க, கவர்மெண்டு மருத்துவ உதவி எண், காசு கிடையாது, எந்த ஆஸ்பத்திரில விசாரிக்கணும்னு கேட்டுட்டு கெளம்புங்க. முழங்கால் வலியோட ஆச்சிய கூட்டிட்டு ரெண்டு பஸ் மாறிப் போயி இல்லன்னு கேட்டு வாரது ரொம்ப கொடுமை, நான் பாத்திருக்கேன். ஒண்ணு மட்டும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டைய நீட்டி இந்த ஊசி கேக்க வேண்டாம், அது ஆஸ்பத்திரில சேந்து பாக்குத வைத்தியத்துக்கு உள்ளது.

கைல என்னென்ன வேணும்னா ஆதார், பழைய ஓ.பி சீட்டு, மாத்திரை நோட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தா அது. போதும்.

எப்ப போடணும்? இதுல நம்ம ஊருக்கு ஒரு கணக்கு இருக்கு. டெல்லி, புனே பக்கமெல்லாம் ஜூன்லேருந்து செப்டம்பர் மழைல ஃப்ளூ கூடும், சென்னை, வேலூர் பக்கம் அக்டோபர் நவம்பர்ல வடகிழக்கு மழையோட கூடுதுன்னு கண்காணிச்சு பாத்து சொல்லியிருக்காங்க. நம்மளுக்கு ரெண்டு மழையும் உண்டு, ஆனி ஆடில தென்காசி, செங்கோட்டை, பாபநாசம் பக்கம் சாரல் அடிக்கும், இந்தப் பக்கம் டவுண், மானூர், ராதாபுரத்துக்கெல்லாம் ஐப்பசி கார்த்திகை மழை தான் மழை. ஊசி போட்டு உடம்புல வேல செய்ய ரெண்டு வாரம் ஆகும். அதனால பிசான நெல்லுக்கு நாத்து பாவுத சமயத்துல, அதாவது புரட்டாசில, போட்டுட்டா ஐப்பசி அடைமழைக்கு உடம்பு தயாரா இருக்கும். சாரல் பக்கத்து ஊர்க்காரங்க, முக்கியமா எளப்பு உள்ளவங்க, வைகாசிலயே போட்டுக்கிடலாம். காலம் தப்பிப் போச்சேன்னு விட்றவும் வேண்டாம், கார்த்திகைல ஊசி கிடைச்சாலும் போடுங்க, சுத்தமா போடாததுக்கு அது மேல்.

ஏன் வருசா வருசம் போடணும்னு கேப்பாங்க. வைரஸ் உருவத்த மாத்திகிட்டே இருக்கும், அதனால உலக சுகாதார நிறுவனம் வருசத்துக்கு ரெண்டு தடவ, பிப்ரவரில ஒருக்க செப்டம்பர்ல ஒருக்க, அடுத்த ஊசில எந்தெந்த வைரஸ் இருக்கணும்னு முடிவு பண்ணும். போன வருசத்து ஊசி போன வருசத்தோட சரி. நாலு வகை வைரஸுக்கு உள்ள ஊசியா மூணு வகைக்கு உள்ள ஊசியான்னும் மருந்துக்கடைல கேப்பாங்க, அந்த நாலாவது வகை, பி யமகாட்டாங்கது, 2020 மார்ச்சுக்கு அப்புறம் உலகத்துல எங்கயுமே தட்டுப்படல, அதனால மூணு வகை கிடைச்சாலும் கொறச்சல் ஒண்ணும் கிடையாது. எது கடைசியா வந்ததோ, எது தேதி தாண்டாம இருக்கோ அது தான் நல்ல ஊசி.

ஃப்ரீயா கிடைக்காம துட்டு குடுத்து போட வேண்டி வந்தா ஆயிரத்துக்கு மேல ஆகும், கம்பெனிக்கு கம்பெனி மாறும், ரெண்டு கடைல விசாரிங்க. வீட்டுல எல்லாருக்கும் போட முடியாதுன்னா யாருக்கு முதல்லன்னு யோசிக்கணும், என்னயக் கேட்டா எளப்பு உள்ள பெரியாளுக்கும் மாசமா இருக்க பிள்ளைக்கும் தான் முதல்ல. விலைய விட பெரிய விஷயம் குளிர்ச்சி. இந்த மருந்து 2-லேருந்து 8 டிகிரில இருக்கணும், சூடும் ஆகாது, ஐஸா ஒறைஞ்சாலும் ஆகாது. ரெண்டாவது வருசம் எனக்கு இது தெரியல. ஜங்ஷன் பக்கத்துல ஒரு கடைல வாங்கினேன், அவங்க சாதாரண கவர்ல போட்டுக் குடுத்தாங்க, நானும் பைக்குள்ள வச்சுகிட்டு மத்தியான வெயில்ல பஸ் ஏறி ஒரு மணி நேரம் கழிச்சு எங்க ஊர் நர்ஸ் அக்கா கிட்ட குடுத்தேன். அவுக தொட்டுப் பாத்துட்டு "இத நான் போட மாட்டேன்யா, இது போட்டும் போடாத மாதிரி தான்"ன்னு சொல்லிட்டாங்க. ஆயிரத்துச் சொச்சம் போச்சு, அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துட்டு, ஆனா அந்த அக்கா செஞ்சது தான் சரி. அதனால ஊசிய வாங்கிட்டு எங்கயும் தூக்கிட்டு அலையாதீங்க, எந்த ஆஸ்பத்திரில ஸ்டாக் வச்சு அங்கயே போடுதாங்களோ அங்க போங்க. கொண்டு போய்த் தான் ஆகணும்னா தெர்மாகோல் டப்பாவும் ஐஸ் பேக்கும் கேட்டு வாங்குங்க, ஐஸ் பேக் மருந்து மேல நேரா படாம துணிய சுத்தி வைங்க, கடை ஃபிரிட்ஜ்லேருந்து எடுத்து தானே தாராங்கன்னும் கண்ணால பாத்துக்கிடுங்க.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு தனியா உண்டு. எட்டு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைக்கு முதல் தடவையா போடும்போது நாலு வாரம் இடைவெளி விட்டு ரெண்டு டோஸ் போடணும், அடுத்த வருசத்துலேருந்து ஒண்ணு போதும். ஒரு டோஸ் போட்டுட்டு விட்டா பாதி வேலை தான் முடிஞ்சிருக்கும், அதனால துட்ட கணக்கு போடும்போதே ரெண்டுக்கும் சேத்து போடுங்க.

ஊசி போடுத அன்னைக்கு நல்ல காய்ச்சலா இருந்தா தள்ளி வைக்கலாம், லேசா தடுமன் இருந்தா பரவாயில்ல. முன்னாடி ஃப்ளூ ஊசி போட்டு மூச்சுத்திணறல், முகம் வீக்கம்னு பெரிய அலர்ஜி வந்தவங்க, இல்ல ஃப்ளூ ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள்ள கை கால் தளர்ந்து போற ஜி.பி.எஸ் வந்தவங்க, டாக்டர் கிட்ட சொல்லாம போடவே கூடாது. ரத்தம் ஒறையாம இருக்க மாத்திரை சாப்பிடுதவங்க நர்ஸ் கிட்ட சொல்லிட்டா போட்ட பெறவு கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிப்பாங்க. போட்டுட்டு ஒடனே கெளம்பாம அரை மணி நேரம் அங்கயே உக்காருங்க. ரெண்டு நாள் கை வலிக்கும், சிலருக்கு மேலு வலியும் லேசா காய்ச்சலும் இருக்கும், அது ஃப்ளூ இல்ல, நம்மளுக்கு போடுத ஊசில உயிரோட வைரஸ் கிடையாது, அதுலேருந்து ஃப்ளூ வராது.

ஊசி போட்டா ஃப்ளூவே வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஊசியும் வைரஸும் நல்லா பொருந்தின வருசத்துல ஃப்ளூ வார வாய்ப்ப நூத்துல 40-லேருந்து 60 வரைக்கும் கொறைக்கும்னு தான் கணக்கு. ஆனா வந்தாலும் ஐ.சி.யூ வரைக்கும் போகாம நிக்குத வாய்ப்பு கூட, பெரியாளுங்களுக்கு நாம போடுததே அதுக்காகத் தான். டெங்குவ இது தடுக்காது, அதே மழைக்காலத்துல தான் அதுவும் வரும், அதனால ஊசி போட்டாச்சுன்னு காய்ச்சல அலட்சியமா விடக்கூடாது. சுக்காப்பி, நிலவேம்பு குடிக்குதவங்க குடிங்க, ஊசிக்கு பதிலா அத வச்சுக்கிடாதீங்க.

தனித்தனியா கேட்டு அலையுததுக்கு பதிலா ஊராச் சேந்து கேக்குத வழியும் இருக்கு, எனக்கு இதுல தான் நம்பிக்கை அதிகம். ஆகஸ்டு 15 கிராம சபை மழைக்கு ரெண்டு மாசம் முன்னாடி வருது, ரொம்ப சரியான நேரம். பீடி சுத்துதவங்க, சுகர் உள்ள பெரியாளுங்க, கர்ப்பிணிகள் இத்தன பேர் நம்ம ஊர்ல இருக்காங்க, இவங்களுக்கு ஃப்ளூ ஊசி முகாம் வேணும்னு தீர்மானம் எழுதச் சொல்லுங்க, வி.எச்.என் கிட்ட பட்டியல் இருக்கும், எண்ணிக்கைய சேத்து எழுதினா தான் அதுக்கு வெயிட்டு. அதோட நகல எடுத்துகிட்டு திங்கக்கிழமை உங்க மாவட்ட கலெக்டர் ஆபீஸ் (திருநெல்வேலின்னா கொக்கிரகுளம்) குறைதீர் நாள்ல மனுவா குடுங்க, மாவட்ட சுகாதார அலுவலருக்கும் ஒரு நகல் போடுங்க, மனு நம்பர வாங்காம வராதீங்க. உங்க ஊர் பக்கம் ரோட்டரி, லயன்ஸ் சங்கம் இருந்தா அவங்ககிட்டயும் பேசலாம், கண் முகாம் நடத்துதவங்க ஊசி முகாமுக்கும் கை குடுப்பாங்க.

ஊசி போட்ட அன்னைக்கு சிரிஞ்சுல உள்ள ஸ்டிக்கர கேட்டு வாங்கி மாத்திரை நோட்டுல ஒட்டி தேதிய எழுதி வைங்க.

அப்படியும் காய்ச்சல் வந்துட்டா, வீட்டுல எளப்பு, சுகர், கர்ப்பம், 65 வயசு, அஞ்சு வயசுக்கு உள்ள பிள்ளைன்னு யாராவது இருந்தா காத்திருக்காதீங்க, ஒசெல்டாமிவிர் மாத்திரை, டாமிஃப்ளூன்னு சொல்லுவாங்களே அது, கவர்மெண்டு ஆஸ்பத்திரில ஃப்ரீ, காய்ச்சல் ஆரம்பிச்ச 48 மணி நேரத்துக்குள்ள சாப்பிட ஆரம்பிச்சா தான் நல்லா கேக்கும், டாக்டர் பாத்து எழுதணும், கடைல சொந்தமா வாங்கி முழுங்கக்கூடாது. மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்கு, சளில ரத்தம், நகம் நீலமா மாறுது, ஆளு மயக்கமாவே கிடக்காக, பிள்ளை பால் குடிக்காம சோந்து கிடக்குன்னா விடியட்டும்னு பாக்காம 108-க்கு கூப்பிடுங்க, வண்டி வாரதுக்குள்ள அந்த நோட்டையும் மாத்திரைப் பையையும் எடுத்து கைல வச்சுக்கிடுங்க.